பின் சீட் பெல்ட்

வேலப்பன்சாவடியில் பழைய கார் விற்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் மஞ்சள் துணியால் ஏதாவதொரு காரைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நான் ஆசைப்பட்டது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு. கூட வந்த மெக்கானிக், “தாராளமா எடுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாலையில் இன்னொருவர் பார்க்க வருகிறாராம். மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முன்பணம் அனுப்பப் போனை எடுத்தேன்.

“சார், ஊட்ல கொழந்த எதுனா கீதா?”

“நாலு வயசுப் பொண்ணு.”

“பின்னாடிதானே ஒக்காரும்?”

“ஆமா.”

துணி நின்றது. உள்ளே குனிந்து, பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேறு காய்ந்திருந்தது.

“வெள்ளத்துல முங்கின வண்டி சார். பெல்ட்டு சமயத்துல புடிக்குமான்னு எனக்கே தெரியாது. உனுக்கு வேணாம், கெளம்பு.”

நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் கிளம்பினேன்.

மறுவாரம் அந்த வழியாகப் போனேன். சிவப்பு காரைக் காணோம். அவர் வேறொரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதை வாங்கியவரிடமும் குழந்தை உண்டா என்று கேட்டாரா? இறங்கிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.