எப்சியிடம் காரணம் இருக்கும்

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எப்சி செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுகிறாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பஸ்ஸின் உட்புறம் பார்த்துச் சம்மணம் போட்டுக்கொள்கிறாள். கைப்பேசியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய் வாசிக்கத் தொடங்குகிறாள். "கேளுங்கடி. ஓசூர்ல மாமனாரக் கத்தியால குத்திட்டான் ஒருத்தன்." பின்னாலிருந்து யாராவது "ஏனாம்?" என்று கேட்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டாள். கேட்டுவிட்டால் போதும், கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிடுவாள். செய்தியில் மேற்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தேவையில்லை.

"யாரு செஞ்சான்றத போலீஸு கண்டுபுடிச்சிடுவான். ஏன் செஞ்சான்றதுதான் அவனுக்கு வராது. அதுக்கு நாமதான் வேணும்."

ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் எப்சிக்கு வேலை. நாற்பதை நெருங்குகிற, ஒடிசலான பெண். நூல் வெட்டும் சின்னக் கத்திரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். சில நாள் வீட்டுக்கும் அப்படியே போய்விடுவாள். அதே கம்பெனியின் ஆபீஸில் கணினி முன்னால் உட்காருகிறவள் நான். இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறோம் என்பதால் அவளுடைய காரணங்களை மற்றவர்களைவிட அதிகமாகவே கேட்டிருக்கிறேன்.

சந்தையில் தக்காளி வாங்கும்போது கூடையின் அடியில் கைவிட்டுத்தான் எடுப்பாள். "மேல வெச்சிருக்கறது நம்மள ஏமாத்தறதுக்குன்னே வெச்சது." ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் சீக்கிரம் முடிந்தால், "அய்யரு வூட்ல சண்ட. மொகத்தப் பாத்தா தெரியல?" என்று என் காதில் சொல்வாள். எங்கள் சபையில் பாதிரியாரை அய்யர் என்பது வழக்கம். புதிய மேலாளர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபோது, "ஆளக் கொறைக்கப் போறாங்க" என்றாள். அடுத்த மாதமே குறைத்தார்கள். அன்றிலிருந்து பஸ்ஸில் அவள் வார்த்தைக்கு மதிப்பு கூடிவிட்டது.

போன வருடம் மழை ஆரம்பித்த சமயம், அவளுக்குப் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த ஹேமலதாவைப் போலீஸ் கைது செய்தது.

ஹேமலதாவின் கணவன் சம்பத், சரக்கு வண்டி ஓட்டியவன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனான். மாரடைப்பு என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். கம்பெனியிலிருந்து மாலையோடு போனவர்களில் எப்சியும் ஒருத்தி. சாவில் சந்தேகம் என்று சம்பத்தின் தங்கை புகார் கொடுத்தாள், பிரேதப் பரிசோதனை நடந்தது, வயிற்றில் ஏதோ இருந்தது என்றார்கள். மறுநாள் பேப்பரில் துப்பட்டாவால் முகத்தை மூடிய ஹேமலதாவின் படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'கள்ளக்காதல் காரணமா?' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியைப் பஸ்ஸில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று எப்சி பஸ்ஸில் ஏறி, நேராக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது. எல்லம்மா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே நின்றாள். எல்லம்மா ஷூக்களைப் பெட்டியில் அடுக்கும் பிரிவு, குரல் பெரிது.

"இன்னா எப்சி, ஊருல எவனெவனுக்கோ காரணம் சொல்லுவ. பக்கத்து மிஷினுக்காரி. உனுக்குத் தெரியாம இருக்குமா?"

"எனுக்குத் தெரியாது."

"தெரியாதாம்!" எல்லம்மா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் எப்சியைப் பார்த்தது.

அவள் சொல்லாததால் மற்றவர்கள் சொன்னார்கள். சொத்து என்றாள் ஒருத்தி. சம்பத்துக்கு வாடகை வீடுதான். குழந்தை இல்லாத ஏக்கம் என்றாள் இன்னொருத்தி. சம்பத்துக்குக் குடியாத்தத்தில் இன்னொரு குடும்பம் என்று டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். குழம்பில்தான் கலந்தாள் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என்ன குழம்பு என்பதுகூட முடிவாகிவிட்டது. கடைசியில் எல்லம்மா கையைத் தட்டி எல்லோரையும் அடக்கினாள்.

"அமீர் பாஷாவ மறந்துட்டீங்களேடி! எப்சிதானே அன்னிக்கே சொன்னா. அவ மிஷினு மட்டும் ஏன் ஜாஸ்தி ரிப்பேர் ஆவுதுன்னு?"

அமீர் பாஷா, மிஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். ஐம்பது வயதுக்காரர், பேத்தி எடுத்தவர். எப்சி அப்படிச் சொன்னது உண்மை. சில மாதங்களுக்கு முன், இதே பஸ்ஸில், ஹேமலதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், ஹேமலதாதான் சத்தமாகச் சிரித்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அது சும்மா சொன்னதுடி" என்றாள் எப்சி.

"சும்மாவா வரும் வாயில?"

வாரம் திரும்புவதற்குள் அந்தப் பேச்சு கம்பெனி வாசலைத் தாண்டிவிட்டது. யூடியூப் சேனல்காரன் ஒருவன் கேட்டுக்கு வெளியே மைக்கோடு நின்றான். முகத்தைக் காட்டாத ஒரு பெண்குரல், "மெக்கானிக் ஒருத்தரு இருக்காரு" என்று சொல்வதை எல்லோரும் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டோம். அது யார் குரல் என்று தனியாக ஒரு விசாரணை நடந்தது. எப்சி என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். எப்சி எல்லம்மாவைச் சந்தேகப்பட்டாள். என்னைக்கூட ஒருநாள் உற்றுப் பார்த்தாள்.

ஸ்டேஷனிலிருந்து அவளை வரச் சொன்னார்கள். கம்பெனி சார்பில் கூடப் போனது நான்தான். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதான் மொதல்ல சொன்னீங்களாமேம்மா, மெக்கானிக் விஷயம்?"

"வெளாட்டுக்குச் சொன்னது சார். அது பழைய மிஷினு. பெல்ட்டு நிக்காது. எம் மிஷினுக்கும் அவருதான் வருவாரு."

"வெளாட்டுக்கு ஏன் ஹேமலதா பேர் வரணும்? வேற யாரும் தோணலையா?"

அவர் கேட்ட 'ஏன்' எப்சிக்கு நன்றாகப் பழக்கமான 'ஏன்'. அவளே பஸ்ஸில் அப்படித்தான் கேட்பாள். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "என் வாயி சார். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

பாஷாவின் மீது போலீஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மிஷின் பக்கம் குனிந்தாலே பெண்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். தானே கேட்டுப் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று எப்சியின் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துவிட்டு, "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது எப்சியின் குரல் இறங்கிப் போயிருந்தது. "திட்டியிருந்தாக்கூட தேவலாம். ரொம்ப பேஜாராப் போச்சி."

வீட்டிலும் நிம்மதி இல்லை. எப்சியின் கணவர் கிருபானந்தம் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்தப் பொண்ணும் நீயும் எட்டு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல. இன்னாதான் பேசிக்குவீங்க?"

"இன்னா பேசுவாங்க? வூட்டு வெசயம்."

"அது புருசனப் பத்திச் சொல்லுமா?"

"சொல்லுவா."

"நீ?"

எப்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான் நானும் சொல்லியிருப்பேன். குடிச்சிட்டு வந்தா, கத்துனா, அத்தச் சொல்றதுதான்."

கிருபானந்தம் பேப்பரை மடித்தார். "அப்ப எல்லாருக்கும் காரணம் இருக்குதுன்ற."

விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எப்சிக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டதாகப் பிறகு போன் வந்தது.

உண்மையில் எப்சிக்கு எதுவும் தெரியாதா? நானும் சந்தேகப்பட்டவள்தான். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "ஒருநா வேலைக்கு நடுவுல, 'இன்னிக்கு அவரு ஆந்திரா லோடு போய்ட்டாரு, நான் நல்லாத் தூங்குவேன்'னா. நான் சிரிச்சேன். இன்னொரு நாளு புதுப் பொடவ கட்டிக்கினு வந்தா. கேட்டதுக்கு அவருதான் எடுத்தாருன்னா. செத்த அன்னிக்கு நான் போனப்ப அழுவல. ஆனா எங்கையப் புடிச்சவ வுடவே இல்ல. இதுல நான் எத்த எடுத்துக்கறது, சொல்லு? எது சொன்னாலும் பொருந்துது. வேற ஊருக்காரங்கன்னா சட்டுனு சொல்லிட்டிருப்பேன்."

குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் தாக்கலாகவில்லை. பரிசோதனைக் கூடத்து அறிக்கையும் முழுதாக வரவில்லை. ஹேமலதாவுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. குடியாத்தத்தில் அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனாள். எங்கள் பஸ்ஸில் மறுபடியும் இரண்டு கட்சி. வெளியே விட்டுவிட்டார்களே, அப்படியென்றால் செய்யவில்லை என்றது ஒன்று. வெளியே வருவதற்கு யார் உதவினார்கள், ஏன் உதவினார்கள் என்றது மற்றது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவை. ஆனால், "டவுனு வரைக்கும் வர்றியா? நீ தள்ளி நின்னாப் போதும்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆம்பூர் பஸ் நிலையத்தில், குடியாத்தம் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஹேமலதா வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. எப்சியைப் பார்த்ததும் நடை ஒருகணம் தயங்கியது. பிறகு வந்து அவள் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.

"சர்ச்சுக்குப் போவல?" என்றாள் ஹேமலதா.

"போவல."

"எம் மிஷின்ல யாரு?"

"புதுப் பொண்ணு. காட்பாடியிலருந்து வருது. நூலு அத்துக்கினே இருக்குது."

"அந்த மிஷினுக்கு நூல டைட்டா வுடக் கூடாது. சொல்லு அதுகிட்ட."

பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நின்ற ஒருவன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்து, கண்ணால் காட்டினான். ஹேமலதா அவர்களைக் கவனித்தாள்; பழகிவிட்டது போலத்தான் இருந்தது.

"எல்லாரும் கேக்கறாங்க எப்சி. வக்கீலு கேட்டாரு. எங்கம்மா தெனமும் கேக்குது. உள்ள இருந்தவங்க கூட மொதநாளே கேட்டாங்க. நீ மட்டும் கேக்க மாட்டேன்ற."

"கேட்டா சொல்லுவியா?"

"நான் சொன்னா நீ நம்புவியா?"

கண்டக்டர் "பேரணாம்பட்டு, குடியாத்தம்" என்று கூவிக்கொண்டு பஸ்ஸைத் தட்டினார். ஹேமலதா எழவில்லை. பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, ஒன்றே ஒன்று, தட்டிய விரல் தடம் மேலே தெரிய.

"ஒண்ணும் சாப்புடாம வந்திருப்ப. துன்னு. நான்தான் செஞ்சேன்."

எப்சி அடையை வாங்கினாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணை எடுக்கவில்லை, நானும்தான். அவள் அதை இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டை ஹேமலதாவிடம் நீட்டினாள். ஹேமலதா அந்தத் துண்டைப் பார்த்தாள், எப்சியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாங்கிக் கடித்தாள்.

அவள் மென்று விழுங்கும் வரைக்கும், எப்சியின் கை வாய்க்குப் பாதி தூரத்திலேயே நின்றிருந்தது.