பெரியத்தையின் நாற்காலிப் பயிற்சி

அப்பாவின் மூத்த அக்காவைப் பெரியத்தை என்போம். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிம்மக்கல்லில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தவர், குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியம்தான் போய்விட்டது. அப்பா அவரைத் தல்லாகுளத்திலுள்ள எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்.

நாங்கள் வைத்த பாசம் அவரை எழுந்திருக்கவே விடவில்லை. தண்ணீர், சாப்பாடு, செய்தித்தாள் எல்லாம் நாற்காலிக்கே போகும். லேசாக அசைந்தாலும் அப்பா ஓடிவருவார். "எங்கக்கா போற? திரும்ப விழுந்துட்டா என்ன பண்றது? ஒக்காருக்கா!"

மாதக்கணக்கில் உட்கார்ந்தபின் கால்கள் தள்ளாடத் தொடங்கின. அம்மா ஒரு பிசியோதெரபி அக்காவை வரவழைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும்; ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்; டைல்ஸ் கோட்டின்மேல் அடிமேல் அடிவைத்து நடக்க வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமியான எனக்கு இதெல்லாம் விளையாட்டாகவே பட்டது. பள்ளி விட்டதும் இருவரும் போட்டி போடுவோம். அவர் தடுமாறினால் கைகொட்டிச் சிரிப்பேன்.

"சிரிடீ, சிரி. ஒன்னய முந்திக் காட்டுறேன் பாரு" என்பார்.

முந்தியும் விட்டார். வண்டியூர் தெப்பக்குளத்தை அவர் முழுச் சுற்றும் நடந்து முடித்த மாலையில், பாதியிலேயே கால் வலிக்கிறதென்று அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டது நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பெரியத்தை துணிகளைப் பெட்டியில் அடுக்கினார்.

"என் வீட்டுக்குப் போறேன் தம்பி."

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "இங்க என்னக்கா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. அதான் நடக்கவே மறந்துட்டேன்."

ஆட்டோ வந்தது. நான் ஓடிப்போய், ஏறுவதற்குக் கை நீட்டினேன். பெரியத்தை அதைப் பிடிக்கவில்லை. தானாகவே காலைத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. கூடவே விளையாடிய என்னை விட்டுப் போகிறவர், கையைக்கூடத் தொடவில்லையே! டாட்டா காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் கை இல்லாமல் ஏறியதைத்தான் அவர் என்னிடம் காட்ட ஆசைப்பட்டார் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?