வரம்புக்கு அந்தப் பக்கத்துக்காரர்

கல்முனை வட்டை வயல்வெளியில் என் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. நடுவில் ஒரு வரம்புதான். என்னைவிட மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய சாரன், கழுத்தில் தொங்கும் பழைய யூரியா பசளைப் பை. கதிர் வரும் காலத்தில் அவர் தினமும் வயலுக்குள் இறங்கி, பயிருக்குள் தானாக முளைக்கும் களைநெல்லைத் தேடித் தேடி அரிந்து அந்தப் பைக்குள் திணிப்பார்.

அவருடைய பயிர் பாய் விரித்ததுபோல் ஒரே மட்டமாக நிற்கும். என் வயலிலோ களைநெல் விதம்விதமாக எழும்பும். ஒன்று நெஞ்சளவு வளரும், ஒன்று பயிரோடு பயிராக ஒளிந்து நிற்கும், ஒன்றுக்கு உமி கறுத்திருக்கும், ஒன்றுக்கு மணியில் நீண்ட வால் இருக்கும். நான் அறுவடை செய்வதற்குள் அது பாதி மணியைச் சேற்றில் கொட்டிவிட்டு, அடுத்த போகம் இன்னும் அடர்த்தியாக முளைக்கும். றோட்டில் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவர் வயலைப் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

போன மாரியில் அவர் வயலுக்குள் வால் வைத்த களைநெல் ஒன்றைக் கண்டேன். பெருநாள் வந்ததுபோல் இருந்தது.

"காக்கா, உங்கட வயல்லயும் வந்திரிக்கி!" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஓடிவந்து அதை அரிந்தார். பிறகு வரம்பில் குந்திக்கொண்டு சொன்னார்:

"ஓம் தம்பி. எல்லாரும் என்ட வயல் வடிவு எண்டுறாங்க. நான் அந்த வடிவ ஒரு நாளும் கண்டதில்ல. எனக்குக் களை மட்டும்தான் கண்ணுல படுகுது. நீங்க இந்த வரம்புல இருந்து நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கிறதப் பாத்தா பொறாமையா இரிக்கி."

அவர் வயலைப் பார்த்துக்கொண்டு குடித்த அந்தத் தேத்தண்ணி ஒரு நாளும் எனக்கு இனித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.