கோதுமை தின்றால் சாப்பிட்டதாகுமா

கோதுமை மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் அதைச் சமைக்கச் சொன்னவர்களை ஒரு காலத்தில் மனசுக்குள் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

அறுபதுகளில் நடந்தது. கல்யாணமாகிப் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து மூன்றே மாதம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பஜாரில் கம்பளிக் கடை. சர்க்கரை வியாதிக்காரர். புதுச் செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்றது. "அரிசிச் சோத்தைக் கண்ணால கூடப் பாக்கக் கூடாது. கோதுமைதான். கேக்கலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

என் அப்பா பழனி அடிவாரத்தில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். அதனால் என் மாமியார், "கோதுமை உனக்குத் தெரிஞ்ச சோலிதானம்மா" என்று மாமாவின் சமையலை என் தலையில் கட்டிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோதுமையை ஊறவைத்து அரைத்து, அல்வாவுக்குப் பால் பிழிந்துவிட்டுச் சக்கையைத் தூர எறிவதுதான். இதை அத்தையிடம் யார் சொல்வது?

முதலில் மில்லில் அரைத்துச் சப்பாத்தி போட்டேன். மாமா ஒரு வாய் மென்றுவிட்டு, "இதுக்கு என் கடைக் கம்பளியையே கடிச்சிருக்கலாமேம்மா" என்றார். தட்டில் சோறு மாதிரி ஏதாவது இருந்தால்தான் அவருக்கு இறங்கும். சரி, சோறு மாதிரியே ஆக்குவோம் என்று ரேஷன் கோதுமையைக் களைந்து உலையில் போட்டேன். மத்தியானமாயிற்று, அது போட்டபடியே கிடந்தது. விறகு ஈரமோ என்று விறகை மாற்றினேன். பானையை மாற்றினேன். மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடு பற்றாது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? என் கைதான் ராசியில்லாத கை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ராவுத்தர் சம்சாரம்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அரிசி மாதிரி வடிச்சா அது எந்தக் காலத்துல வேகும்? தண்ணி தெளிச்சு உரல்ல லேசாக் குத்தி, தோலைப் புடைச்சிட்டு ஊறப் போடுங்க. மறுநா வெள்ளனே அடுப்புல ஏத்துனா மத்தியானம் கொழஞ்சு வரும்."

வந்தது. உப்புப் போட்டு மோர் ஊற்றிக் கொடுத்தேன். மாமா தட்டைக் காலி செய்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் புண் ஆறவில்லை. ஒரு மாதம் போயிற்று. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோலைப் புடைத்ததில் மருந்துக் குணம் போய்விட்டதோ? தோலோடு போட்டேன். உப்புதான் ஆகவில்லையோ? உப்பைக் குறைத்தேன். மோரை நிறுத்தினேன். மறுபடி ஊற்றினேன். "நீ அதுல என்னதான் போடுற?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. ஏதோ நான் விஷம் வைத்த மாதிரி!

ஒரு மத்தியானம், மாமாவுக்கு வழக்கம்போல் கோதுமையைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. போன வேகத்தில் திரும்பி அடுக்களைக்குள் நுழைந்தால், மாமா பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை தயிர்ச்சோற்றை உருட்டி உருட்டி அவர் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா! விரல் போகணுமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அத்தைதான் பதில் சொன்னார். "அவுக சாப்பிடாம நான் எப்படிம்மா சாப்பிடுறது?"

"இப்பத்தானே அத்தை தட்டு நெறையத் தின்னாங்க!"

"அது கோதுமைதானம்மா."

பழனியில் எங்கள் வீட்டிலும் கார்த்திகை விரதத்தன்று கோதுமை உப்புமாவைக் கழுத்து வரை தின்றுவிட்டு, "இன்னைக்கிச் சாப்பாடு இல்லை" என்றுதான் சொல்வோம். அப்படிப் பார்த்தால் அத்தை சொல்வது சரி. அப்போது தப்பு யார் மேல்? டாக்டர் மேலா?

மாமா கையைக் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மொதப் பதினோரு நாளு நான் வெறும் கோதுமையோடதாம்மா இருந்தேன். இவ பதினோரு நாளும் சோத்துல கை வைக்கல. உருளைக்கெழங்க அவிச்சுத் தின்னுட்டுக் கெடந்தா. கடைசியில, நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப கொழாயடில மயங்கி விழுந்துட்டா. அதுக்கப்புறம் எனக்கு விரலாவது ஒண்ணாவது. போனாப் போகுது."

அந்தப் பதினோரு நாளும் என் வீட்டுக்காரர் சோறு தின்றுவிட்டதால் எனக்குத் தடையில்லை. "நீ சாப்பிடும்மா, நான் பொறகு சாப்பிடுறேன்" என்று அத்தை சொல்ல, நானும் மூக்குமுட்டத் தின்றிருக்கிறேன். அவர் பிறகு சாப்பிட்டாரா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு தட்டு வைத்து இரண்டிலும் கோதுமையைப் போட்டேன்.

"அத்தை, இது சோறு இல்லதானே?"

"இல்ல."

"அப்ப இதை நீங்க தின்னாலும் சாப்பிட்டதாகாது. மாமாவும் சாப்பிடல, நீங்களும் சாப்பிடல. சரிதானே?"

அத்தை மாமாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஏமாற்றுகிறேன் என்று அவருக்குத் தெரிகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. எனக்குமே அது பிடிபடவில்லை. கடைசியில் அத்தை தட்டை இழுத்துக்கொண்டு, "மோரை ஊத்து" என்றார்.

அடுத்த மாதம் டாக்டர் கட்டைப் பிரித்தார். விரலை அமுக்கிப் பார்த்தார். புண் மூடி, இளந்தோல் வந்திருந்தது. "விரல் தப்பிச்சது" என்றவர், அத்தை பக்கம் திரும்பி, "என்னம்மா, ஐயா ஒழுங்காச் சாப்பிடுறாரா?" என்றார்.

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்கங்க டாக்டரு! ஒரு மாசமா நாங்க ரெண்டு பேருமே சாப்பிடலங்க."

டாக்டர் பஞ்சைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.