தமிழ்ப் பக்கத்தில் நான்காவது கட்டம்

எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மடல் வெளிவரும். 'செய்திகளும் சேவைகளும்' என்று பெயர். அதை ஒருவரும் படிப்பதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினோரு வருடமாக அதை எழுதுகிற உதவி நூலகர் நான்தான். ஒருமுறை வேண்டுமென்றே பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டு, முப்பதாம் தேதி நூலகம் விடுமுறை என்று அறிவித்துப் பார்த்தேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

உண்மையில் எங்களிடம் ஓடிய சேவை ஒன்றே ஒன்று, ஏசி. பாலக்காட்டு வெயிலுக்குப் பயந்து மாணவர்கள் உள்ளே வருவார்கள், உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்து வைப்பார்கள், அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்குவார்கள். சிறந்த வாசகர் பரிசு என்று ஒன்றும் வருடாவருடம் கொடுத்தோம். உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்போம். அதனால் அதிக நேரம் தூங்கியவருக்கே அது போய்ச் சேரும். மடலில் அவருடைய புகைப்படமும், புத்தகங்களின் மேல் அவருக்குள்ள காதலைப் பற்றி நான் புளுகிய நான்கு வரியும் வரும்.

எங்கள் நூலகர் நல்ல மனிதர், திருச்சூர்க்காரர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருந்துவிடக் கூடாது.

அந்த வருடம் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில், மொழிச் சிறுபான்மையினருக்கு நூலகம் என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கமிருந்து தமிழ் பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள். உடனே மடலில் ஒரு தமிழ்ப் பக்கம் முளைத்தது. நூலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், கொழிஞ்சாம்பாறைக்காரியான நான். ஆக, எழுதுவதும் நானே, பிழை பார்ப்பதும் நானே.

சேவைகளுக்கு நான்கு கட்டங்கள். மூன்றை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். நான்காவதற்குச் சரக்கு இல்லை. கட்டம் நிரம்பிவிட்டதா என்று நூலகர் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்கு எரிச்சல். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதித் தள்ளினேன்: 'மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் புரியவில்லையா? நூலகத்துக்கு வாருங்கள். தமிழில் படித்துச் சொல்கிறோம். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை.' நூலகர் கட்டங்களை எண்ணினார், நான்கும் நிரம்பியிருந்தன, முத்திரை குத்தினார். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலும் கேண்டீனிலும் அதை ஒட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு வாசலில் வாக்குவாதம். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். கையில் சுவரிலிருந்து பிய்த்த என் தமிழ்ப் பக்கம், ஒட்டிய டேப்போடு.

"ஏனுங்கக்கா, இங்கதான் படிச்சுச் சொல்லுவீங்கன்னு போட்டிருக்குதுங்க" என்றார்.

எந்த மடையன் இதையெல்லாம் எழுதி வைத்தது என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணமே அந்த மடையன் யார் என்பது நினைவுக்கு வந்தது.

அவருக்கு முதலமடையில் ஒரு மாந்தோப்பில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அதை எடுத்துவிட்டால் குழந்தை பிறக்க வழியுண்டு என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் இரண்டும் வராது. வார்டில் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாமே தம்பி என்று மெல்லத் தட்டிக்கழிக்கப் பார்த்தேன்.

"கேட்டேனுங்க. எல்லாருக்கும் இதேதான், போடுன்னாங்க. ஒருக்காப் படிச்சுக் கேட்டுட்டுப் போடலாம்னுதானுங்க. நீங்க சீல் வேற போட்டிருக்கறீங்களே."

அந்த சீலைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. காகிதத்தை வாங்கினேன். அச்சடித்த மலையாளத்துக்குக் கீழே கையால் இங்கிலீஷில் ஒரு வரி. கட்டியை அகற்றுதல் என்று இருந்தது. அதோடு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு காற்புள்ளிக்குப் பிறகு, தேவைப்பட்டால் கர்ப்பப்பையை அகற்றுதல் என்றும் இருந்தது. நான் டாக்டர் இல்லை, புத்தக முதுகில் நம்பர் ஒட்டுகிறவள். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதை இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"தம்பி, கட்டிய எடுக்கறதுன்னு இருக்குது. தேவப்பட்டா கர்ப்பப்பையவே எடுத்துருவோம்னும் இருக்குது."

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "இது அவளுக்குத் தெரியாதுங்க" என்றார்.

இருவரும் வார்டுக்குப் போனோம். அவர் மனைவி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அழவில்லை, எழுதின டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடங்களுக்கு முந்தைய எங்கள் சிறந்த வாசகர். மேல்படிப்புக்காக அங்கேயே இருந்தார். தான் எழுதிய வரியை அவர் இப்போதுதான் நிதானமாகப் படித்தார் என்று நினைக்கிறேன். சீனியர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், படிவத்தில் அந்த இடத்தைப் பாதி காலியாக விடக் கூடாது என்றார். அவரும் கட்டத்தைக் காலியாக விடாத ஆள்தான், நான் யாரைக் குறை சொல்ல?

ஆனால் பொறுமையாக விளக்கினார். ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்று வந்தால்தான் கர்ப்பப்பையை எடுப்போம், பெரும்பாலும் அந்த நிலை வராது என்று மலையாளத்தில் சொன்னார். ஒரு சொல் தவறாமல் நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டார்.

"உசுருக்கு வந்தா எடுக்கட்டுங்க. இல்லீன்னா தொடக் கூடாது. அதயும் அதுலயே எழுதச் சொல்லுங்கக்கா."

டாக்டர் எழுதினார். அவரே மறுபடி படித்துக் காட்டினார், நான் தமிழில் சொன்னேன். அதன் பிறகுதான் அந்தப் பெண் தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி நாலே கால் ஆகியிருந்தது.

மறுநாள் மதியம் நூலகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவர் வந்து நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். கட்டியை மட்டும் எடுத்தார்கள் என்றார். நான் இடத்துக்குத் திரும்பி, தூங்குகிற மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே ஆய்வுக் குழு வந்தது. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார்கள். நான்காவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று சும்மா ஒரு கேள்வி கேட்க, நூலகர் என்னைப் பெருமையோடு கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

குழு போனதும் கூட்டம் போட்டார்கள். நோயாளியின் காகிதத்தை நூலக ஊழியர் படித்துச் சொல்லக் கூடாது, நாளை கேஸ் என்று வந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். சேவை நிறுத்தப்பட்டதை அடுத்த மடலின் தமிழ்ப் பக்கத்தில், அதே கட்டத்தில், தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அறிவித்தேன்.

'காகிதம் படித்துச் சொல்லும் சேவை நூலகத்தில் இனிமேல் கிடையாது. கேண்டீனுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் பெஞ்சில் மதியம் ஒரு மணி முதல் ஒன்றே முக்கால் வரை மட்டுமே கிடைக்கும். காகிதத்தை மடிக்காமல் கொண்டுவரவும்.'

நூலகர் கட்டங்களை எண்ணினார். முத்திரை குத்தினார்.

மடல் ஒட்டிய மறுநாள் சாப்பாட்டு டப்பாவோடு அந்த பெஞ்சுக்குப் போனேன். பதினோரு வருட அனுபவம், ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். வார்டிலிருந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்களையும் கூட்டி வந்திருந்தார், நான்கு பேர்.

"மொதல்ல சாப்புடுங்கக்கா, நாங்க இருக்கறோம்" என்றார்.

நான்கு பேர் கையிலும் காகிதம் இருந்தது. ஒருவர்கூட மடிக்கவில்லை.