பதினோரு புடவைகள், ஒரு கறை

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. கடற்காற்றும் அன்று தாமதம். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் வந்து தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதித்தவன், ஓய்வு பெற்றபின் ஒரு வரியும் எழுதவில்லை. இந்தக் கடையில் நிரல் எழுதும் இருவருக்குச் சொல்லிக்கொடுக்க ஏன் ஒப்புக்கொண்டேன் என்று ஐந்தாவது மாடி வரை கவலைப்பட்டுக்கொண்டே போனேன். லிஃப்டில் என்னோடு நான்கு மூட்டை ஜமக்காளமும் வந்தது.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றபடியே பேசினார்.

"ரெண்டு பேரும் நல்ல பிள்ளைக சார். ஆனா பில்லு போடுத புரோகிராமு ஒரு தடவ தப்பிட்டு. ஆடி ஒண்ணாந் தேதி தள்ளுபடி ஆரம்பிக்கு. அதுக்குள்ள சரியா வந்தா வச்சிக்கிடுவேன். இல்லன்னா வெளியில ரெடியா விக்கிதத வாங்கிருவேன். இவுக பழையபடி கீழ சேலை கவுண்டருக்குப் போகட்டும்."

ஆடிக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. சம்பளம் வேண்டாம், ஆட்டோ காசு போதும் என்றேன். தப்பு நடந்தால் திட்டு வாங்காமல் இருக்கலாம் என்ற முன்யோசனைதான்.

அவர் சொன்ன தப்பு இது. ஒரு கல்யாண வீட்டார் உறவுக்காரப் பெண்களுக்கு வைத்துக்கொடுக்க ஒரே மாதிரி பதினோரு புடவை வாங்கினார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம், இன்னொருத்திக்கு வேறு நிறம் என்றால் மண்டபத்திலேயே சண்டை வரும் அல்லவா? மறுநாள் ஒரு புடவையில் கரை இழை பிரிந்திருக்கிறது என்று மாற்றக் கொண்டுவந்தார்கள். ஒன்றைத் திருப்பி எடுத்ததாகப் பதிந்ததும் கணினி பதினொன்றும் திரும்பி வந்துவிட்டதாகக் காட்டி, பதினோரு புடவைக்கும் மாற்றுச் சீட்டு அடித்துத் தந்தது. கல்லாவில் இருந்தவர் கடைசி நிமிடத்தில் பார்த்ததால் கடை தப்பித்தது.

எழுதியவர்கள் இருவர். ஒருவன் முதலாளியின் ஊர்க்காரன், முப்பது வயதிருக்கும், கல்லூரியில் கணினி படித்தவன். மற்றவள் சாந்தோம் கடற்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவள், முப்பத்தாறு வயது. அம்மா மீன் விற்கிறவர். இவள் ஒன்பது வருடம் இதே கடையில் புடவை விற்றுவிட்டு, மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள்.

"ஒம்போது வருசம் நின்னுக்கினே இருந்தேன் சார்," என்றாள். "குதிகால் போயிடுச்சு. உக்காந்து செய்யற வேலையா பாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பதான் இந்தச் சேர் கெடச்சுது. அவனுக்கு வேற எங்கனா கெடைக்கும். எனக்கு இத வுட்டா கவுண்டர்தான். கவுண்டர்ல என்னால நிக்க முடியாது."

அன்று முதல், ஒரு நாற்காலிக்காக நான் தினமும் கவலைப்பட ஆரம்பித்தேன்.

வழக்கம்போலவே தொடங்கினேன். கிளாஸ் என்பது ஒரு வகையின் அச்சு. அந்த அச்சில் வார்த்தெடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட். விலங்கு ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை. நான் படித்த புத்தகங்களிலெல்லாம் நாயும் பூனையும்தான் இருந்தன. பலகையில் ஏழு படம் போட்டேன்.

அவள் கையைத் தூக்கினாள். "சார், நாயி நம்ம கடையில எந்த மாடில கீது?"

"யக்கா, ரெண்டாவது மாடி. நாய்ப்படம் போட்ட டீ-சர்ட்டு செக்‌ஷன்," என்றான் அவன்.

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். "அவா புடவை விக்கறவா. நீங்க போய் நாயைக் காட்டிண்டு நின்னா?" என்றாள்.

இரண்டு வாரம் போனது. சொன்ன விளக்கத்தையெல்லாம் அவர்கள் அப்படியே ஒப்பித்தார்கள். நிரலை ஓட்டினால் பதினோரு புடவையும் சேர்ந்தே திரும்பி வந்தன.

ஒருநாள் அவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அச்சிலிருந்து ஒரே ஒரு புடவையை உண்டாக்கி, அதையே பதினோரு தடவை பில்லில் சேர்த்திருந்தார்கள். பட்டியலில் பதினோரு இடம் இருந்தது. பதினொன்றும் சுட்டியது ஒரே புடவையை; அதைத் திரும்பியது என்று குறித்தால் பதினொன்றும் திரும்பியதாகிவிடும்.

"ஏம்மா ஒண்ணுதான் உண்டாக்கினே?"

"கவுண்டர்ல அப்டிதான் சார். ஒரே மாதிரி கேட்டா ஒண்ணத்தான் பிரிச்சுக் காட்டுவோம். மத்ததெல்லாம் மடிப்பு கலையாம ரேக்குல இருக்கும். எல்லாத்தையும் பிரிச்சா யாரு மடிக்கறது? துண்டுச் சீட்டுல அந்த ஒண்ணு நம்பர எழுதி, பக்கத்துல பதினொண்ணுன்னு போடுவோம்."

ஒன்பது வருடப் பழக்கம் அப்படியே நிரலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. புத்தக நாய்களால் அதை அசைக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரே மாதிரி மூன்று புடவை கொண்டுவரச் சொன்னேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மூன்றையும் மேசையில் பிரித்துப் போட்டோம்.

"இதுல ஒண்ணு மேல காபி கொட்டிடுச்சுன்னு வெச்சுக்கோ," என்று சொல்லி, காட்டுவதற்காகக் காபிக் குவளையைச் சாய்ப்பதுபோல் கையை நீட்டினேன். என் கை முன்போல் இல்லை. காபி நிஜமாகவே கொட்டிவிட்டது. நடுப்புடவையின் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு.

"அய்யய்யோ சார்!"

"மூணாம் மாடி சூப்பர்வைசர் நம்மள உசுரோட விடமாட்டாரு," என்றான் அவன்.

ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "பக்கத்துப் புடவை நனைஞ்சுதா?"

"அது எப்டி சார் நனையும்? அது வேற பொடவ."

"உங்க நிரல்ல நனையுது."

அவள் மூன்று புடவைகளையும் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு கறைபட்ட முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள், "அப்ப பில்லுல ஒவ்வொண்ணும் தனித்தனியா பொறக்கணும். பதினொண்ணுன்னா பதினோரு வாட்டி."

"அவ்வளவுதான்," என்றேன்.

அதற்குமேல் நான் அதிகம் பேசவில்லை. அவர்களே வாதாடினார்கள். நிறமும் கரையும் எல்லாப் புடவைக்கும் பொது, அச்சிலேயே இருக்கலாம். கறையும் கிழிசலும் அந்தந்தப் புடவையோடது. விலை?

"விலை பொதுதான யக்கா?"

"பொதுதான்டா. ஆனா தள்ளுபடி? பழுதான பீசுக்கு மட்டும் தள்ளுபடி குடுப்பாங்களே. அது அந்தப் பொடவயோட சேர்ந்தது."

விலையை ஓரிடத்தில் வைத்தார்கள், தள்ளுபடியை ஒவ்வொரு புடவையிலும். நான் வருடக்கணக்கில் அலுவலகங்களில் சொல்லிக்கொடுத்து, பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போன விஷயம் இது. நாக்கு வரை வந்த பாராட்டை அடக்கிக்கொண்டேன். இன்னும் சோதனை பாக்கி இருந்தது.

ஆடிக்கு இரண்டு நாள் முன்பு முதலாளி மேலே வந்தார். அவர் முன்னால் பதினோரு மாம்பழப் புடவைக்குப் பில் போட்டாள். பிறகு ஒன்றை மட்டும் திருப்பி எடுத்தாள். முதலாளி திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணுவதில் என்னைப்போலவே நம்பிக்கை உள்ளவர். பத்து இருந்தது. மறுபடியும் எண்ணினார். பத்துதான்.

"இன்னொரு தடவ ஓட்டு," என்றார். மூன்று தடவை ஓட்டினாள்.

"சரி. வெளியில இருந்து வாங்க வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருங்க." படியிறங்கப் போனவர் திரும்பினார். "அந்தச் சேரு ஆடுதுன்னு சொன்னாங்க. வேற நல்லதா எடுத்துப் போட்டுக்கோ."

அவள் உட்கார்ந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

ஆடி முதல் தேதி காலை, கடை திறந்தவுடன் போனேன். அந்தக் கறைப் புடவையை நான் வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தேன். தன் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வதாக அவள் மல்லுக்கு நின்றாள். கை என்னுடையது என்று முடித்துவிட்டேன். மனைவியும் ஒத்துக்கொண்டாள். "கறையை உள்ள விட்டுக் கட்டிண்டா யாருக்குத் தெரியப்போறது?" என்றாள்.

"சார், புது புரோகிராமுக்கு உங்க பில்லுதான் போணி," என்று அவளே கீழே வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தாள். விலை ஆயிரத்து நானூற்று எண்பது. அதில் பத்து சதவீதம் கழிந்திருந்தது.

"கொட்டினது நான். எனக்கு எதுக்கும்மா தள்ளுபடி?"

"தள்ளுபடி உங்களுக்கு இல்ல சார், பொடவைக்கு. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.