நான் மறைத்ததை என் இடது கால் சொன்னது

என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தது. இந்த ஒரு வரியை எழுதவே எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதனால் அதையே முதலில் எழுதி வைக்கிறேன்.

போன வருடம் பெரிய வியாழன் ஆராதனையில் நற்கருணை வாங்க முன்னால் போய் முழங்காலிட்டேன். வாங்கினேன். எழுந்திருக்க முடியவில்லை. முன்னால் இருந்த கிராதிக் கம்பியைப் பிடித்தும் முடியவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசியில் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் நற்கருணைக்குப் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மா என்ன பாவம் செய்தாரோ என்று சிலர் நினைத்திருக்கலாம். பாவம் இல்லை, முட்டிதான் என்று எழுந்து சொல்லவா முடியும்? சர்க்கரை ஏறியிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பள்ளிக்கூடத்தில் மாடி ஏற மூன்று இடத்தில் நின்றேன். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். நான் எத்தனை நாள் இருப்பேன் என்ற கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "ஆண்டவரே, இப்படி வைத்திருப்பதற்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளும்" என்றுகூட ஜெபித்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும், அதுதான் உண்மை.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர்தான் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். மதுரையிலேயே செய்கிறார்கள் என்றார். மே மாத விடுமுறையில் தேதி குறித்தோம். விடுமுறை என்றால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். அப்படியும் கேட்டவர்களிடம் பித்தப்பையில் கல் என்றேன். முதல் பொய் அது. சின்னப் பொய் என்று நினைத்தேன்.

சர்ஜன் அரை மணி நேரம் விளக்கினார். தையல் போட்ட இடத்தில் கசியலாம், இரத்தம் வடியலாம், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், ஆயுசுக்கும் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும், கட்டுப்பாடு இல்லாவிட்டால் எடை திரும்பவும் ஏறும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வகுப்பில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே தலையாட்டும் பிள்ளையைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்று நானே அந்தப் பிள்ளை. சின்னத் துளை வழியாகச் செய்வதால் சின்ன விஷயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது என் இடது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையில் பலருக்கு இந்தக் கதை தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மேலூரில் என் மகள் பிறந்தாள். பிறந்து பத்து நாளில் என் இடது கால் தொடை வரைக்கும் வீங்கியது. இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் செல்வம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறினார். இரத்தம் உறையாமலிருக்க ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் ஒரு உபவாச ஜெபத்தில் எனக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. அன்றே மாத்திரையை நிறுத்தினேன். அந்த வருட ஸ்தோத்திரப் பண்டிகையில் சபைக்கு முன் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "மாத்திரையைத் தூக்கி எறிந்தேன், கர்த்தர் என் காலைத் தந்தார்" என்றேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் அதைச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கால் முழுதாகப் பழைய நிலைக்கு வரவே இல்லை. சாயங்காலம் கனக்கும். இடது செருப்பின் வாரை மட்டும் ஒரு துளை தள்ளித்தான் மாட்டுவேன். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இதற்கு முன் எப்போதாவது இரத்தக்கட்டி இருந்ததா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று டிக் அடித்தேன். ஆம் என்று எழுதினால் கர்த்தர் செய்த அற்புதத்தை நானே மறுப்பதாகும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த செல்வம் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "ஜெஸி, காலு விஷயத்த எழுதலையே?" என்றார்.

"அது கொணமாயிருச்சுங்க. நீங்க எதுவும் சொல்லக் கூடாது. சொன்னீங்க, அப்புறம் நான் உங்ககிட்டப் பேச மாட்டேன்."

அவர் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவர். விசுவாச விஷயத்தில் நான்தான் மூத்தவள் என்று அவருக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையை வைத்து நான் அவர் வாயை அடைத்தேன்.

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம் வெறும் திரவ உணவு. அந்த நாட்களில் இடது கெண்டைக்காலில் ஒரு வலி வந்தது. தைலம் தேய்த்தேன். தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, இந்த ஆபரேஷனுக்கு எந்தத் தடையும் வரக் கூடாது."

முந்தின நாள் காலையில் சேர்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து பழைய நோய்கள் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். "காலில் கட்டி?" "இல்லை" என்றேன். செல்வம் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு நர்ஸ் டேப்போடு வந்தது. மகள் வயதுதான் இருக்கும். ஆபரேஷன் நேரத்தில் காலில் மாட்டும் இறுக்கமான சாக்ஸுக்கு அளவு எடுக்க வேண்டுமாம். வலது காலை அளந்து எழுதியது. இடது காலை அளந்தது. எழுதாமல் மறுபடியும் அளந்தது.

"அக்கா, இந்தக் காலு நாலு சென்டிமீட்டர் கூட இருக்கு. முன்னாடி ஏதும் வீங்குச்சா?"

"இல்லம்மா. டீச்சர் வேலைல்ல, நாள் பூரா நிக்கணும்."

"ரெண்டு காலுந்தானக்கா நிக்கும்?"

மூன்று முறை மறுதலித்திருந்தேன். மூன்றாவது முறையில் ஒரு சின்னப் பெண் கணக்கு டீச்சரிடம் கணக்குக் கேட்டுவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு டேப்புக்கு முன்னால். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். மேலூர், மூன்று மாதத்தில் நிறுத்திய மாத்திரை, செருப்பு வார், இரண்டு வாரமாக இருக்கும் வலி, எல்லாம். "கொணமானத நோயுன்னு எழுத மனசு வரல டாக்டர்" என்றேன். டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொணமானதையும் எழுதலாம்மா. நாங்க உங்க சாமியச் சந்தேகப்பட்டுக் கேக்கல. நாளைக்கு நீங்க மயக்கத்துல கெடக்கும்போது ஏதாவது ஆனா, நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

அன்றே காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் குழாயில் பழைய கட்டியின் தழும்பு அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு கட்டி உருவாகியிருந்தது. சர்ஜன் வந்து ஆபரேஷனை ரத்து செய்தார். இந்த நிலையில் மேசையில் படுக்க வைத்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம், மேசையிலேயே உயிர் போயிருக்கலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டிய நேரம். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. திருநகர் வீட்டுக்கு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரிடம் சண்டை போட்டேன். தடை வரக் கூடாது என்றுதானே கேட்டேன்? பத்தொன்பது வருடம் சொன்ன சாட்சி என்ன ஆவது? அப்போது செல்வம் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஒன்ன மாதிரி நீளமா ஜெபம் பண்ண எனக்குத் தெரியாது ஜெஸி. வராந்தால நின்னு ஒரே வரிதான் கேட்டேன். ஆண்டவரே, இவ வாயத் தொறந்து விடுங்க, இல்லன்னா எனக்காச்சும் தைரியத்தக் குடுங்கன்னு."

"எப்பக் கேட்டீங்க?"

"டாக்டரம்மா கேட்டு நீ இல்லன்ன பாரு, அப்பருந்து. அந்தப் புள்ள டேப்போட வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

நான் வாய்விட்டு அழுதேன். எங்கள் வீட்டிலிருந்து அன்று இரண்டு ஜெபங்கள் போயிருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று எதிரானவை. என்னுடையதைக் கர்த்தர் கேட்டிருந்தால் நான் இன்று இல்லை. செல்வத்தின் ஜெபத்தைக் கேட்டார். என் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. அற்புதத்தைக் காப்பாற்ற நான் மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று பயந்து மறைத்தேன்.

ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இந்த முறை ஒரு நாளும் தவறவில்லை. மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்தார்கள். மறுபடியும் திரவ உணவு என்பதால் அந்தக் கிறிஸ்துமஸ் பிரியாணியை நான் மூக்கால்தான் சாப்பிட்டேன். தலைமையாசிரியையிடம் உள்ளதைச் சொல்லி லீவு கேட்டேன். புதுப் படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். ஊசி, சாக்ஸ், மறுநாளே நடை என்று எனக்கென்று தனியாக ஏற்பாடு செய்தார்கள். அதெல்லாம் நான் சொன்னதால் கிடைத்தது. வலி இருந்தது, இரண்டு மாதம் வாந்தியும் இருந்தது. இன்று எண்பத்தாறு கிலோ. இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் சத்து மாத்திரைகளும் தினமும் சாப்பிடுகிறேன். முன்பு மாத்திரையை எறிந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். இப்போது விழுங்கும்போது சொல்கிறேன்.

நற்கருணைக்கும் போகிறேன். முழங்காலிட்டு நானே எழுந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்த வருட ஸ்தோத்திரப் பண்டிகையில் போதகர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். "நான் இத்தனை வருடம் பாதிச் சாட்சிதான் சொன்னேன்" என்று ஆரம்பித்து, மீதியையும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் ரூத் அக்கா என் கையைப் பிடித்தார். பெண்கள் சங்கத்தில் என் பக்கத்திலேயே உட்காருகிறவர்.

"ஜெஸி, ஒஞ் சாட்சியக் கேட்டுத்தான் நான் பிரஷர் மாத்திரைய நிப்பாட்டுனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எம்புட்டு நாளாச்சுக்கா?"

"போன பண்டிகையிலருந்து. தல சுத்துது. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. விசுவாசம் கொறஞ்சிருச்சுன்னு நெனப்பாகள்ல?"

என் பாதிச் சாட்சி என்னோடு நிற்கவில்லை. இன்னொருத்தியின் மாத்திரை டப்பா வரைக்கும் போயிருக்கிறது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்காரவில்லை. ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் செல்வத்தின் ஜெபத்தையே ஜெபித்தேன். அதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கர்த்தரை நம்புங்கள். முழுதாக நம்புங்கள். டாக்டர் கேட்கும்போது உள்ளதைச் சொன்னால் அவருடைய மகிமை குறைந்துபோகாது. பெரிய ஆபரேஷனோ சின்ன ஊசியோ, எதனால் என்ன ஆகலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்த நோயையும் நிறுத்திய மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றியவர் உங்களையும் காப்பார்.

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரூத் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ஏற்கெனவே பிரஷர் இருந்துச்சாம்மா? மாத்திர சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது.

ரூத் அக்கா என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா" என்றேன்.